தோள் தாங்கும் தற்சார்பு

கையால் உருட்டும் சக்கர நாற்காலியில் கால்களின் வேலையைத் தோள்கள் ஏற்கின்றன. உடல் எடையைச் சுமப்பதற்கென அமையாத அந்த மூட்டு, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்து வலிக்கத் தொடங்குகிறது. மருத்துவம் இதற்குச் சிகிச்சை தேடுகிறது. மெய்யியலுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பிறர் துணையின்றித் தன் கையால் இயங்குவதே சுதந்திரம் என்று கொண்டால், அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்க அனுபவிக்க அதற்கான கருவியே குறைந்துகொண்டு வருகிறது. எனில் தற்சார்பு எங்கே குடியிருக்கிறது: வேலையைச் செய்யும் தசையிலா, அதைத் தீர்மானிக்கும் அறிவிலா? உடலைத் தேய்த்தாவது பிறரை நாடாமல் வாழ்வது அறமா, உடலைக் காப்பது அறமா? தோள் இயங்கும் விதத்தை முதலில் பார்த்துவிட்டால் இந்தக் கேள்விகள் தெளிவடையும்.

தோளின் அமைப்பு

உடலின் பெரிய மூட்டுகளுள் மிகுதியாக அசையக்கூடியது தோள். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பில் உள்ள ஆழமில்லாத சிறு குழிவில் பொருந்தியிருக்கிறது. இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் அமிழ்ந்திருப்பதால் உடல் எடையை எலும்பே வாங்கிக்கொள்கிறது. தோளிலோ உருண்டைத் தலையின் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் குழிவைத் தொடுகிறது. மீதி உறுதியைத் தசைகளும் நார்களும் தர வேண்டும். ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள் முன்னும் பின்னும் மேலுமாகச் சூழ்ந்து, உருண்டையைக் குழிவின் நடுவில் இழுத்துப் பிடிக்கின்றன. கை எட்டாத இடமில்லை என்னும் வசதிக்குத் தோள் தரும் விலை இது: எலும்பின் உறுதியை இழந்து, தசைகளின் ஒத்துழைப்பை நம்பி நிற்கிறது.

மூட்டுக்கு மேலே தோள்முனை எலும்பு ஒரு கூரைபோல் நீண்டிருக்கிறது. கூரைக்கும் உருண்டைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அதன் வழியே ரொட்டேட்டர் கஃபின் தசைநாண் ஒன்று செல்கிறது. தோளின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசை கையைத் தூக்கும்போது உருண்டையையும் மேல்நோக்கி இழுக்கிறது. ரொட்டேட்டர் கஃப் அதைக் கீழே அழுத்திச் சமன்செய்கிறது. அந்தத் தசைகள் களைத்தால் சமநிலை குலையும். உருண்டை மேலேறி, தசைநாண் கூரையில் நசுங்கும். வீக்கம், வலி, நாளடைவில் தசைநாண் கிழிவு என்று பாதிப்பு வளர்கிறது.

ஒரு தள்ளலில் நடப்பவை

சக்கரத்தோடு இணைந்த வளையத்தைக் கை பற்றி முன்னோக்கித் தள்ளுவது ஒரு கட்டம்; வளையத்தை விட்டு அடுத்த தள்ளலுக்காகப் பின்னே திரும்புவது இன்னொரு கட்டம். தள்ளும்போது மார்புத் தசையும் டெல்டாய்டின் முன்பகுதியும் உழைக்கின்றன. திரும்பும்போது பின்புறத் தசைகளுக்கு வேலை, ஆனால் எதிர்ப்பு குறைவு. இதுவே ஆண்டுக்கணக்கில் நீடித்தால் முன்புறம் வலுத்துப் பின்புறம் பின்தங்குகிறது. தோள்கள் முன்னே வளைந்து, ஏற்கெனவே குறுகலான அந்த இடைவெளி மேலும் சுருங்குகிறது.

சமதளத்தில் தள்ளல் ஏறத்தாழ நொடிக்கு ஒன்று என்னும் கதியில் நிகழ்கிறது. ஒருவர் நாளில் மொத்தம் 40 நிமிடம் உருட்டினால் 2,400 தள்ளல்கள். பத்தாண்டுகளில் 80 லட்சத்துக்கும் மேல். செலவிடும் ஆற்றலில் பயணமாக மாறுவது பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கை கொடுக்கும் விசை முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதும் இல்லை. வளையத்தின் தொடுகோட்டுத் திசையில் அமையும் பகுதி மட்டுமே சுழற்றுகிறது. மீதி வளையத்தை அழுத்திப் பிடிப்பதில் போகிறது. அந்த மீதியை வீண் என்று கருதி, விசையைச் சரியான திசையில் செலுத்த நெதர்லாந்தில் சிலருக்குப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில் விசையின் திசை திருந்தியது. உடலின் ஆற்றல் திறனோ குறைந்தது. இயந்திரக் கணக்கில் வீணாகத் தெரிந்தது உடலின் கணக்கில் தேவையாக இருந்தது. உடலைச் சக்கரத்தின் உதிரி பாகமாக எண்ணித் திருத்த முடியாது என்பதற்கு இந்த ஆய்வு நல்ல சான்று.

தரை மாறினால் கணக்கும் மாறுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ நாற்காலியில் அமர்ந்தால் மொத்தம் 85 கிலோ. வழவழப்பான சமதளத்தில் உருளுதலின் எதிர்ப்பு அதில் ஒரு சதவீத அளவு, அதாவது ஒரு கிலோவைத் தூக்கும் விசைக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி உயரும் சாய்தளத்தில் ஏறும்போது அதனுடன் ஏழு கிலோவுக்கு ஈடான விசை கூடுகிறது. கட்டட விதிகள் ஏற்கும் சாய்வு அது. பல கட்டடங்களில் பெயரளவுக்குக் கட்டப்படும் சாய்தளங்கள் இதைவிடச் செங்குத்தானவை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கோ கழிப்பறை இருக்கைக்கோ மாறும்போது சுமை உச்சத்தை எட்டுகிறது. முழு உடலும் இரு கைகளில் தொங்க, மேற்கை எலும்பு நேராக அந்தக் குறுகிய இடைவெளிக்குள் ஏறுகிறது.

வெற்றி ஈன்ற வலி

இரண்டாம் உலகப் போருக்கு முன் தண்டுவடம் முறிந்தவர்கள் நெடுநாள் வாழ்வது அரிது. சிறுநீரகத் தொற்றும் படுக்கைப் புண்ணும் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய தண்டுவடப் பிரிவு அந்த நிலையை மாற்ற உதவியது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்னும் இரு பொறியாளர்கள் 1930களில் உருவாக்கிய மடிக்கும் எஃகு நாற்காலி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. உயிர் பிழைத்தவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் நாற்காலியை உருட்டினார்கள். அதன் பிறகே தோள்வலி ஒரு தனிச் சிக்கலாகக் கண்ணில் பட்டது. 1979இல் ‘சக்கர நாற்காலியரின் தோள்’ என்று பெயரிட்டே ஒரு கட்டுரை வந்தது. 1987இல் வெளியான இன்னோர் ஆய்வில் கால்கள் செயலிழந்த 94 பேரில் 31 பேர் இடம் மாறும்போது தோள் வலிப்பதாகக் கூறினார்கள். அந்த நேரத்தில் மூட்டுக்குள் அழுத்தம் 250 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டியதையும் அந்த ஆய்வு அளந்து காட்டியது.

2005இல் அமெரிக்கப் படைவீரர் அமைப்பொன்றின் ஆதரவில் வெளியான மருத்துவ வழிகாட்டி மூன்று அறிவுரைகளை மையமாகக் கொண்டது: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறைக்க வேண்டும், விசையைக் குறைக்க வேண்டும், மூட்டை எல்லைவரை வளைக்கும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். வளையத்தின் உச்சியில் கை இருக்கும்போது மேற்கைக்கும் முன்கைக்கும் இடையே 100 முதல் 120 பாகைக் கோணம் இருக்கும்படி இருக்கை அமைய வேண்டும். பின்சக்கரத்தின் அச்சு, நாற்காலி பின்னே சாயாத அளவுக்கு முன்னால் இருக்க வேண்டும். நாற்காலி இயன்றவரை எடை குறைந்ததாக இருக்க வேண்டும். நீண்ட, சீரான தள்ளலும், முடிந்ததும் கையை வளையத்துக்குக் கீழே இயல்பாக விழவிட்டுப் பின்னே கொண்டுவருவதும் நல்லவை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கருத்து இருக்கிறது: தோள் ஒரு முதல், அதைப் பார்த்துச் செலவிட வேண்டும்.

தேரும் தேரில் அமர்ந்தவரும்

கடோபநிடதம் உடலைத் தேராகவும், ஆன்மாவைத் தேரில் அமர்ந்தவராகவும், புத்தியைத் தேரோட்டியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகிக்கிறது. அமர்ந்திருப்பவர் ஆள்பவர், இழுப்பது குதிரைகளின் வேலை. இயக்குபவனையும் இயங்கும் உடலையும் இவ்வளவு தெளிவாகப் பிரிக்கும் உருவகங்கள் குறைவு. கைவளையத்தைத் தள்ளுபவரிடம் இந்தப் பிரிவினை நிற்காது. தேரில் அமர்ந்திருப்பவரும் அவரே, செலுத்துபவரும் அவரே, இழுக்கும் குதிரையும் அவர் தோளே. குதிரைகள் அடங்காவிட்டால் பயணம் தவறும் என்பது உபநிடதத்துக்கும் தெரியும். ஆனால் களைத்த குதிரையை மாற்றிய பிறகும் பயணம் அமர்ந்தவருடையதா என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. அந்த உருவகத்தின்படியே சென்றால் விடை வெளிப்படை: பயணம் யாருடையது என்பதை இலக்கு முடிவுசெய்கிறது, இழுப்பவர் யார் என்பது முடிவுசெய்வதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. உடலை வெறும் வாகனமாகக் கருதுவது அனுபவத்துக்குப் பொருந்தாது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-பாந்தி 1945இல் வெளியிட்ட ‘புலனறிவின் நிகழ்வியல்’ என்ற நூலில் வாதிட்டார். பார்வையற்றவரின் கைத்தடி பழகப் பழக ஒரு பொருளாகத் தோன்றுவதை விட்டு, அதன் நுனியே தொடும் புலனாகிவிடுகிறது என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. நெடுங்காலம் பழகியவருக்கு நாற்காலியும் அப்படியே. கதவின் அகலத்தை அவர் கண்ணால் அளப்பதில்லை. தம் உடலின் அகலமாகவே உணர்கிறார். எனவே கைநாற்காலியை விட்டு மோட்டார் நாற்காலிக்கு மாறுவது வாகனம் மாற்றுவதுபோல் எளிதன்று. உடலின் ஒரு பகுதியைக் களைந்து இன்னொன்றைப் பழகும் கடினம் அதில் இருக்கிறது.

நலமாக இருக்கும் உடல் நம் கவனத்தில் படுவதில்லை. வலிதான் அதைக் கவனத்துக்கு இழுத்து வருகிறது என்று அமெரிக்க மருத்துவரும் மெய்யியலாளருமான ட்ரூ லீடர் 1990இல் எழுதினார். தோள்வலி இதை இரட்டிப்பாகச் செய்கிறது. வலிக்கும் தோள் முன்னே வர, அதனோடு சேர்ந்து நாற்காலியும், வாசற்படியும், சாய்தளமும், கட்டிலின் உயரமும் ஒவ்வொன்றாக முன்னே வந்து நிற்கின்றன. தானே இயங்குவதாக எண்ணிய இயக்கம் எத்தனை துணைகளின் மேல் நின்றது என்பதை வலி அம்பலப்படுத்துகிறது.

எது தற்சார்பு?

‘தன் கையே தனக்குதவி’ என்னும் பழமொழி செயலுக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது. இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் தன்னாட்சிக்குத் தந்த விளக்கம் வேறு: அறிவு தனக்குத் தானே விதியை வகுத்துக்கொள்வதே தன்னாட்சி. அந்த விதியை நிறைவேற்றும் தசை யாருடையது என்பது அந்த விளக்கத்தில் இடம்பெறுவதில்லை.

இந்த வேறுபாட்டை வாழ்க்கையில் நிறுவியவர் அமெரிக்கரான எட் ராபர்ட்ஸ். பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுதும் செயலிழந்தவர். 1962இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரவில் செயற்கைச் சுவாசக் கருவிக்குள் உறங்கி, பகலில் உதவியாளர்களின் துணையோடு வகுப்புக்குச் சென்றார். 1972இல் அங்கே தொடங்கிய சுயவாழ்வு மையத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர். அந்த இயக்கம் சுதந்திரத்தைப் புதிதாக வரையறுத்தது: உதவியில்லாமல் எத்தனை வேலைகளைச் செய்கிறார் என்பதைக் கொண்டு ஒருவரின் சுதந்திரத்தை அளக்கக் கூடாது, தம் வாழ்வின் முடிவுகள் எந்த அளவுக்கு அவர் கையில் உள்ளன என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். ஒரு மணி நேரம் போராடித் தானே உடுத்திக்கொண்டு, களைப்பால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் தங்குபவரைவிட, பத்து நிமிடத்தில் பிறர் உடுத்திவிட வேலைக்குக் கிளம்புபவர் இந்த அளவுகோலில் கூடுதல் தற்சார்பு உடையவர்.

கையைப் பற்றிய பழைய சிந்தனை ஒன்றும் இதே முடிவுக்குக் கொண்டுசெல்கிறது. அரிஸ்டாட்டில் கையைக் கருவிகளின் கருவி என்றார். பிற கருவிகளைப் பயன்படுத்துவது கை என்பதால் அந்தச் சிறப்பு. அத்தகைய கையைக் காலின் வேலைக்கே முழுதும் செலவிட்டால், எழுதவும் சமைக்கவும் குழந்தையைத் தூக்கவும் மிஞ்சுவது குறைகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் திறக்கப்பட்ட வேலூர் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். அப்படிப்பட்ட ஒருவரின் கைகளை எதற்குச் செலவிடுவது நல்லது என்று கேட்டால், தாழ்வாரத்தில் தானே உருட்டிச் செல்வதற்கு முதலிடம் கிடைக்காது.

துன்பமும் தவமும்

சமய மரபுகளில் இன்னொரு குரலும் உண்டு. வலியைப் பொறுப்பது ஆன்மாவைப் புடம்போடும். எனவே தேய்ந்த தோளோடு போராடுபவர் போற்றத்தக்கவர் என்பது அது. உடற்குறையோடு வாழ்ந்த அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட், 1994இல் வெளியான ‘உடற்குறை கொண்ட கடவுள்’ என்ற நூலில் இதைக் கடுமையாக மறுத்தார். குறையைப் பாவத்தோடு இணைப்பது, துன்பத்தைப் புண்ணியமாக்குவது, இரக்கத்தின் பெயரால் ஒதுக்கிவைப்பது ஆகிய மூன்றும் கிறிஸ்தவ இறையியல் இழைத்த தவறுகள் என்றார் அவர். துன்பத்தைப் புண்ணியமாக்கினால், நீக்கக்கூடிய தடையையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் உடலில் ஆணித் தழும்புகள் நீங்கவில்லை என்பதைச் சுட்டி, குறைவுற்ற உடலும் இறைச் சாயல் உடையதே என்று அவர் வாதிட்டார். அவர் கற்பனையில் கண்ட கடவுள் மூச்சால் இயக்கும் மோட்டார் நாற்காலியில் அமர்ந்திருந்தார். எல்லாம் வல்லவராகக் கருதப்படுபவரையே கையால் உருட்டாத நாற்காலியில் அமர்த்தியது, வல்லமைக்கும் தோள் பலத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது.

தமிழ்ச் சைவ மரபில் திருமூலர் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறார். உடம்பை முதலில் இழிவாக எண்ணியிருந்ததையும், இறைவன் கோயில்கொண்ட இடம் என்று கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்தில் சொல்கிறார். உடம்பைப் பேணுவது அங்கே மெய்ஞ்ஞானத்துக்கான வழி. இன்பத்துக்கான சலுகையாக அவர் அதைக் கருதவில்லை. இதன்படி தோளைக் காப்பதற்காக உதவி கேட்பவர் தவத்தில் தளர்ந்தவர் ஆகமாட்டார்.

இதனால் கையால் உருட்டுவதே தவறு என்றாகிவிடாது. கைநாற்காலி எடை குறைந்தது, ஆட்டோவிலும் காரிலும் ஏற்றிச் செல்லலாம், மின்சாரம் தேவையில்லை. உருட்டுதல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பயிற்சி. தன் வேகத்தைத் தன் உடலில் உணரும் மகிழ்ச்சியும் அதில் உண்டு. பாராலிம்பிக் ஓட்டக் களங்களில் அது தெரியும். தோள் தசைகளுக்கு முறையான பயிற்சி தந்தால் வலி கணிசமாகக் குறைவதை 2011இல் வெளியான சோதனை காட்டியது. கைவளையத்தில் மோட்டார் துணை சேர்ப்பது, நெடுந்தூரத்துக்கு மட்டும் மோட்டார் இணைப்பது என இடைவழிகளும் உள்ளன. எதை, எப்போது, எவ்வளவு என்று தேர்வது நாற்காலியில் இயங்குபவருடைய உரிமை. அந்தத் தேர்வில்தான் தற்சார்பு இருக்கிறது. வலியை ஏற்றுக்கொண்டு உருட்டத் தீர்மானிப்பவரும், வலிக்கு முன்பே மோட்டாருக்கு மாறுபவரும் சமமான சுதந்திரம் உடையவர்கள்.

சுமை யாருடையது?

தேர்வு உண்மையாக இருக்க, தேர்வதற்கு வழிகள் இருக்க வேண்டும். தோளின் மீது விழும் சுமையில் ஒரு பகுதியே உடலிலிருந்து வருகிறது. மீதியை நாற்காலியின் எடையும், அளவு பொருந்தாத இருக்கையும், சாய்தளத்தின் சரிவும், குண்டும் குழியுமான தரையும் சேர்க்கின்றன. இவற்றை உருவாக்கியவர்கள் வேறு. விலையைத் தசைநாணால் கொடுப்பவர் வேறு. 1976இல் பிரிட்டனின் உடற்குறையாளர் இயக்கம் ஒன்று, உடலின் குறை வேறு, சமூகம் அதன்மேல் ஏற்றும் தடை வேறு என்று பிரித்துக் காட்டியது. தோளின் இயக்கவியல் அந்தப் பிரிவினையை எண்ணில் காட்டுகிறது: சமதளத்தில் ஒரு கிலோ, சாய்தளத்தில் எட்டு கிலோ. அதே சமயம் பிரிவினையின் எல்லையையும் காட்டுகிறது. எல்லாத் தரையும் சமமானாலும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டும், வயது ஏறும், தசைநாண் தேயும். சமூகம் நீக்கக்கூடிய சுமையும், உடல் என்பதாலேயே வரும் சுமையும் ஒரே தோளில் சேர்ந்து விழுகின்றன. முன்னதை நீக்குவது நீதி. பின்னதைப் பகிர்ந்துகொள்வது பரிவு. நீதியால் செய்ய வேண்டியதைப் பரிவுக்கு விட்டுவிடுவதுதான் நடைமுறையில் நேரும் தவறு.

உடற்குறையாளர் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007இல் அதை உறுதிசெய்து, 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அணுகத்தக்க கட்டடமும் பொருத்தமான உதவிக் கருவியும் இரக்கத்தால் வழங்கும் கொடைகள் என்ற நிலை மாறி, உரிமைகளாயின. எல்லோருக்கும் ஒரே அளவில் செய்து வழங்கும் கனத்த நாற்காலி இந்த உரிமையை நிறைவேற்றாது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃபிளை, பயனரின் உடல் அளவுக்கேற்ப அமைக்கும் நாற்காலி. அத்தகைய முயற்சிகளின் மதிப்பு இங்கே விளங்கும். அச்சு சில சென்டிமீட்டர் முன்னே நகர்வதும் இருக்கை சற்று உயர்வதும் லட்சக்கணக்கான தள்ளல்களில் பெருகி, ஒருவரின் தோள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பாதிக்கின்றன.

தோள் என்ற மூட்டு தனித்து நிற்பதில்லை. சுற்றியுள்ள தசைகளின் ஒத்துழைப்பால்தான் கை சுதந்திரமாக அசைகிறது. துணைகளை நீக்கினால் அந்த அசைவே நின்றுபோகும். மனிதரின் தற்சார்பும் துணைகள் இல்லாமையால் வருவதன்று. துணைகள் சரியாக அமைந்து, அவற்றை ஆளும் உரிமை அவரிடம் இருப்பதால் வருவது. நாற்காலியை உருட்டுவது தன் தோளா, மோட்டாரா, இன்னொருவர் கையா என்பதை அந்த உரிமை உடையவர் நாளுக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தோளைத் தேயாமல் காப்பதன் நோக்கம், அவர் இப்படித் தேர்ந்துகொள்ளும் காலத்தை நீட்டிப்பதே.